இரண்டு இலை, ஒரு கனிமம்

நீலகிரியின் குந்தா பக்கம், மஞ்சூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இப்போது தாமிர விலை தெரியாமல் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. லண்டனில் டன் என்ன விலை, சீனாக்காரன் வாங்குகிறானா விற்கிறானா, இந்தோனேசியாவில் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தால் இந்துஸ்தான் காப்பர் எத்தனை ரூபாய் ஏறும் என்று எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கிறார்கள். கீழ்குந்தா, முள்ளிகூர், கிண்ணக்கொரை என்று எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும் சரி. தோட்டத்துக்கு உரம் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கும், வீட்டில் நகை பேங்கில் இருக்கும், ஆனால் டீமேட் கணக்கு மட்டும் கையில் இருக்கும். “மெட்டல்ல சூப்பர் சைக்கிள் ஓடுது அண்ணே, இப்ப ஏறலைன்னா எப்ப ஏறப் போறீங்க?” என்று கேட்கிறான் ஒரு பையன், ஊட்டி பஸ்ஸைத் தவறவிடப் போகிறவனிடம் பேசுவதைப் போல.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. வெள்ளி அந்த ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. டிசம்பரில் சென்னையில் சவரன் லட்ச ரூபாயைத் தொட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தபோது, டிவியில் கோட் போட்டவர்கள் அதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். பூமிக்கடியில் கிடப்பது ஏறினால் தேசத்துக்குச் சுபிட்சம். பூமிக்கு மேல் விளைவது கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் அதே கோட்டுகள் பணவீக்கம் என்று கவலைப்படுகின்றன.

குந்தாக்காரன் ஏன் இந்தச் சூதாட்டத்துக்கு இவ்வளவு சுலபமாக விழுகிறான் என்று கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. அவன் தினமும் செய்கிற வியாபாரத்தைப் பார்த்தால் புரியும். காலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி ரோட்டோரக் கொள்முதல் கொட்டகையில் இறக்குகிறான். தராசுக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்க்கிறார். “ஈரம்” என்கிறார். மஞ்சூரில் மழைக்காலத்தில் இலை ஈரமில்லாமல் வேறெப்படி இருக்கும் என்று கேட்க முடியாது. ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு. மிச்ச எடை சிட்டையில் ஏறும். விலை? அது இப்போது தெரியாது. குன்னூர் ஏலத்தில் தூளுக்கு என்ன சராசரி கிடைத்ததோ, அதை வைத்து விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கு பிரித்துத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒரு குறைந்தபட்ச விலையை அறிவிக்கும். அந்த விலையையும் தராத தொழிற்சாலை உண்டு. தரவைக்க ஆள் இல்லை. சரக்கைக் கொடுத்துவிட்டு, விலை என்னவென்று பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிற வியாபாரி இவன்.

இப்படிப்பட்டவனிடம் போய், உன் சரக்கின் விலையை நொடிக்கு நொடி சொல்கிறோம், பிடிக்கவில்லை என்றால் நீ விற்க வேண்டாம் என்று ஒரு செயலி சொன்னால் அவன் என்ன செய்வான்? வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சந்தை அவனுக்கு மரியாதை கொடுத்திருக்கிறது. அந்த மரியாதைக்காகவே பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். கொட்டியவர்கள் கதை என்ன ஆனது என்று செபியே 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது. எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று வருஷத்தில் கைப்பணத்தை இழந்தார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தேயிலையில்கூட அவ்வளவு துல்லியமாக நஷ்டப்பட முடியாது.

இதில் ஒரு கூத்து உண்டு. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தேயிலையில் கொப்புள நோய் வரும். அதற்கு அடிக்கிற மருந்து காப்பர் ஆக்ஸிகுளோரைடு. தாமிரம் ஏறினால் மருந்துக் கடையில் டப்பாவும் ஏறும். ஆக நம் பையன் இந்துஸ்தான் காப்பரில் பத்துப் பங்கு வைத்துக்கொண்டு, தாமிரம் ஏற வேண்டும் என்று ஹெத்தையம்மனை வேண்டுகிறான். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிடுகிறாள். போனில் வந்த லாபத்தை மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கடன் சொல்லிவிட்டு வருகிறான்.

இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலோகப் பங்குப் பித்தை லண்டனுக்கே ஏற்றுமதி செய்த மாவட்டம் இது. மலையின் மறுபக்கத்தில், பந்தலூர், தேவாலா. ஆற்று மணலை அலசித் தங்கப் பொடி எடுப்பது அங்கே பணியர் பழங்குடியினருக்குப் பழைய தொழில். அவர்கள் எடுத்தது அவர்களுக்கே வயிற்றுக்குப் போதாது. அதைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் மலை முழுக்கத் தங்கமாகத் தெரிந்தது. தெரிந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. வயநாட்டுக் காப்பித் தோட்டங்களைத் துளைப்பான் பூச்சியும் இலை நோயும் தின்று தீர்த்திருந்தன. துரைமார்கள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். செத்த காப்பித் தோட்டத்தை யார் வாங்குவார்? அடியில் தங்கம் இருக்கிறது என்றால் வாங்குவார்.

ஆனால் தங்கம் இருக்கிறது என்று தோட்டக்காரனே சொன்னால் எடுபடாது, நிபுணர் சொல்ல வேண்டும். நிபுணரும் கிடைத்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரவ் ஸ்மித். கீழே வேலை பார்த்தவர்களை அடக்கியாண்டு ஆட்டிவைத்தார் என்று விசாரணைக் குழு சொன்னதால் 1876-ல் பதவியை விட்டு விலகியவர். 1879-ல் நம் மலைக்கு வந்தார், பாறைகளைத் தட்டிப் பார்த்தார், 1880-ல் அறிக்கை கொடுத்தார். அறிக்கையில் தங்கம் மின்னியது. அதற்கு மேல் தங்கம் மின்ன வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1881 முடிவதற்குள் 40-க்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பெரும்பாலும் லண்டனில்தான். முதலீடு என்று எழுதிவைத்த தொகை 40 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்துப் பவுண்டு. புதர் மண்டிய காப்பி நிலம் ஏக்கர் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறியது, சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டியது. பந்தலூருக்குத் தபால், தந்தி, ஹோட்டல் எல்லாம் வந்தன. கப்பலில் வந்த இயந்திரங்களை மாட்டு வண்டியில் கட்டி மலையேற்றினார்கள். பிறகு பாறையை இடித்தார்கள். இடித்த டன்னுக்கு அறிக்கையில் சொன்னதில் ஒரு துணுக்குத்தான் கிடைத்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் கடை கட்டினார்கள். துருப்பிடித்த இரும்பைக் காடு விழுங்கிக்கொண்டது.

நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். நிலத்தை விற்ற துரை கடனை அடைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். கம்பெனியைத் தொடங்கி வைத்தவர் தன் கமிஷனை முதலிலேயே எடுத்துக்கொண்டார். அறிக்கை எழுதியவருக்குச் சம்பளம் தனியாக வந்தது. நீலகிரி எந்தத் திசை என்றே தெரியாமல் சேமிப்பைப் போட்ட லண்டன் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களும்தான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பணியர் பழையபடி அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். இன்றைக்கும் அந்தப் பழைய குடைவுகளுக்குள் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் மூடிச் செத்தவர்களும் இருக்கிறார்கள். போலீஸ் கைது செய்வது அவர்களைத்தான். 1881-ன் விளம்பர அறிக்கைகளுக்காக யாரும் கைதானதாகத் தெரியவில்லை.

அப்போது லண்டன் குமாஸ்தா மலையைப் பார்க்காமலே மலைக்குப் பணம் போட்டான். இப்போது மலைக்காரன் மற்றொரு மலையைப் பார்க்காமலே அதற்குப் பணம் போடுகிறான். நூற்று நாற்பது வருஷ முன்னேற்றம் இதுதான்.

நம் ஊர் ரசிகர்களுக்குப் பிடித்த கம்பெனி வேதாந்தா. அதன் பெயரைச் சொன்னாலே டிவிடெண்ட் என்று கண் விரிகிறது. 2022-23 நிதியாண்டில் பங்குக்கு 101 ரூபாய் 50 காசு டிவிடெண்ட் கொடுத்தது உண்மைதான். அந்த வருஷ மார்ச் கடைசியில் பங்கின் விலையே முந்நூறைத் தொடவில்லை. இந்த வள்ளல் தன்மைக்குக் காரணம் குந்தாவின் சிறு முதலீட்டாளர்மேல் வந்த பாசம் என்று நம் ஆள் நம்புகிறான். லண்டனில் இருக்கிற தாய்க் கம்பெனியின் கழுத்தைக் கடன் நெரித்துக்கொண்டிருந்தது, பங்கில் பெரும்பகுதி அதன் கையில் இருந்தது, பணம் அங்கே போக வேண்டியிருந்தது. பெரிய பந்தியில் சிந்தியதில் நம் இலையிலும் நாலு பருக்கை விழுந்தது. அவ்வளவுதான்.

வேதாந்தாவின் தாமிர ஆலை தூத்துக்குடியில் இருந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன். 2018 மே 22 அன்று ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, சுடுவதற்கான தூண்டுதல் எதுவும் கூட்டத்திடமிருந்து வரவில்லை என்று சொன்னது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்க மறுத்துவிட்டது. இந்த வரலாறு மஞ்சூர் டீக்கடையில் எப்படிப் பேசப்படுகிறது தெரியுமா? “அந்த பிளான்ட் மட்டும் ஓடியிருந்தா இன்னைக்கு ரேட்டுக்கு எங்கேயோ போயிருக்கும்ணே. நாலு பேர் கத்துனாங்கன்னு மூடிட்டாங்க.” நாலு பேர் இல்லையடா, பதின்மூன்று பேர். அவர்கள் கத்தவும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து குடும்பத் தலைவன் வரை கல்லறையில் இருக்கிறார்கள். உன் போனில் அவர்களுக்கென்று ஒரு வரைகோடு இல்லை என்பதற்காக அவர்கள் நஷ்டக் கணக்காகிவிட மாட்டார்கள்.

முதலில் இந்தோனேசியச் சுரங்கம் என்று சொன்னேனே, அது கிராஸ்பெர்க். 2025 செப்டம்பரில் அதற்குள் சேறு பொங்கிப் புகுந்து ஏழு தொழிலாளிகள் செத்தார்கள். உற்பத்தி நின்றது, தாமிரம் ஏறியது. அன்றைக்கு டெலிகிராம் குரூப்புகளில் பறந்த செய்தியில் ராக்கெட் படம் இருந்தது. இதைக் கொண்டாடியவர்கள் யார்? 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, எந்த மேடு எந்த வீட்டின்மேல் இறங்குமோ என்று விடிய விடிய விழித்திருந்த ஜனங்கள். மண் சரிவது என்றால் என்னவென்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்? அடுத்தவன் மலை சரிந்தால் ராக்கெட்.

மதுரைப் பக்கத்து மேலூர்க்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை வேதாந்தாவின் துணைக் கம்பெனியான இந்துஸ்தான் ஜிங்க் எடுத்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாப்பட்டியும் அந்த வளையத்துக்குள் வந்தது. சமணப் படுக்கையும் குடைவரையும் இருக்கிற பாறைகள் வெறும் தாதுவாகிவிட்டன. ஊர் ஊராகக் கிளம்பி மதுரைக்கு நடந்தார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று டெல்லி ஏலத்தை ரத்து செய்தது. வெற்றி என்று நாம் வெடி வெடித்தோம். டெல்லி வேறு பாடம் படித்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பர் 8-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கிற திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம். ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகளைக் கூட்டிக் கேட்டார்கள், பன்னிரண்டும் பாக்சைட் வேண்டாம், மலை வேண்டும் என்றன. கேட்டால் இப்படித்தான் பதில் வருகிறது என்று தெரிந்த பிறகு, கேட்காமல் இருப்பதுதானே நிர்வாகம்?

சரி, புலம்பி ஆகப்போவதில்லை. நானும் ஒரு யோசனையோடுதான் வந்திருக்கிறேன். தேயிலையை முக்கியக் கனிமம் என்று மத்திய அரசு உடனே அறிவிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள், விஞ்ஞானம் நம் பக்கம் இருக்கிறது. தேயிலைச் செடி அலுமினியத்தை உறிஞ்சுகிற செடி. நீலகிரியின் செம்மண் புளிப்பு மண், அதில் அலுமினியம் கரைந்து கிடக்கிறது. செடி அதை வேர் வழியாக எடுத்து இலையில் சேர்த்து வைக்கிறது. ஆக குந்தாவில் அரை ஏக்கர் வைத்திருக்கிற கிழவியும் நூறு வருஷமாக அலுமினியச் சுரங்கம்தான் நடத்திக்கொண்டிருக்கிறாள், முதுகில் கூடையோடு. வெடி வைப்பதில்லை, குழி தோண்டுவதில்லை, கழிவுக் குளம் இல்லை. முற்றிய இலையில்தான் அலுமினியம் அதிகம். இதுவரை முற்றல் என்று கழித்துக் கீழே தள்ளிய தராசுக்காரர், இனி அதை உயர்தரத் தாது என்று கையெடுத்துக் கும்பிட்டு வாங்க வேண்டியிருக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே சட்டம் கொண்டுவரலாம்.

அலுமினியம் 2023-ல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இல்லையே என்று ஓர் அதிகாரி இழுப்பார். பொட்டாஷ் இருக்கிறது ஐயா. தேயிலையில் பொட்டாசியத்துக்குக் குறைவில்லை, கடனுக்கு மூட்டை வாங்கிப் போட்டதே நாங்கள்தான். தாமிரமும் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் அடித்த மருந்தில் கொஞ்சம் இலையில் ஒட்டித்தான் இருக்கும், சுரண்டிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கும் நாங்கள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் வேண்டும். எங்கள் தாத்தாக்களின் பள்ளத்தாக்குகளை எல்லாம் அணையாக்கி, குந்தாவின் மின்நிலையங்களில் 585 மெகாவாட் எடுக்கிறார்கள். எங்கள் தண்ணீர் கெத்தை வழியாகக் குழாயில் இறங்கிச் சமவெளிக்கு வெளிச்சமாகப் போகிறது. காற்று பலமாக அடித்தால் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்கிறோம்.

கனிமமாகிவிட்டால் எங்கள் வாழ்வே மாறிவிடும். முக்கியக் கனிமத்துக்கென்று 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய இயக்கமே தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டுச் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் பட்டினி கிடந்தார்களே, அவர்களுக்கு என்ன இயக்கம் கிடைத்தது? கமிட்டி. இலையாகப் போய்க் கேட்டதுதான் தப்பு, தாதுவாகப் போயிருக்க வேண்டும். டிவியில் கோட் போட்டவர் “கிரீன் லீஃப் பிரேக்அவுட், டார்கெட் 60” என்பார். கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது என்பதால் நாங்களும் யாரையும் கேட்காமல் விலையை ஏற்றிக்கொள்வோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதற்கு முன்னுதாரணம் இருப்பதால் தைரியமாகக் கேட்கிறேன். 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் தலைதெறிக்க ஓடி, டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த சீனாவின் பெரும் உருக்கு முதலாளி ஒருவர் கவிழ்கிற நிலை, கூடவே தரகர்களும் கவிழ்கிற நிலை. சந்தை என்ன செய்தது? ஆட்டத்தை நிறுத்தியது. அன்றைக்கு நடந்த பல நூறு கோடி டாலர் வியாபாரம் செல்லாது என்று அழித்தது. லாபம் பார்த்தவன் கோர்ட்டுக்குப் போனான், கோர்ட்டும் சந்தை செய்தது சரி என்றது. சந்தை விதி கல்வெட்டு என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் சிலேட்டில் எழுதியதைப் போல எச்சில் தொட்டு அழித்தார்கள்.

சோவியத் ஒன்றியம் உடைந்து, வாங்க ஆளில்லாமல் போய், 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் எங்கள் பச்சை இலை கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு விழுந்தபோது குன்னூர் ஏலத்தை யாரும் செல்லாது என்று அழிக்கவில்லை. பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினோம், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏற்றினோம், தோட்டத்தைக் காட்டேஜ்காரனுக்கு எழுதிக் கொடுத்தோம். ஆகையால் கனம் அமைச்சர் அவர்கள் எங்களையும் உலோகமாகக் கருதி, அந்த வருஷங்களின் ஏலம் முழுவதையும் செல்லாது என்று அறிவித்து, கொடுத்த இலையைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும். தூளாக இருந்தாலும் பரவாயில்லை. சாக்கு எடையைக் கழிக்காமல் தந்தால் போதும்.